வணிகச் செலவும் வரிக்குரிய வருமானமும்

முன்னுரை

தமிழ் பயில்வார்க்கும் வருமான வரிச் சட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று, இத்தலைப்பைக் காணும் நண்பர்கள் வினவுதல் கூடும். சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர் எம்மை ஒருவர் அவ்வாறு வினவியிருப்பின், யாதொரு தொடர்பும் இல்லை என்றே யாமும் விடையிறுத்திருப்பேம். அவ்விடுமுறையில் வீடு சென்றபோது, எம் தந்தையார் ஓர் ஆணையை எம் கையிற் கொடுத்து, "இதைப் படித்து எனக்கு விளங்கும்படி சொல், தம்பி" என்றார்.

எம் தந்தையார் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்துபவர். அவர் தம் கணக்கில் செலவென்று எழுதியிருந்தவற்றுள் நான்கினை வரி மதிப்பீட்டு அலுவலர் ஏற்க மறுத்து, அத்தொகைகளை வருமானத்தோடு கூட்டி வரி விதித்திருந்தார். அந்நான்கும் வருமாறு: கடையிற் பணியாற்றிய கணக்குப்பிள்ளை கையாடிச் சென்ற 90,000 ரூபாய், வாடகைக்கு எடுத்த கடைக் கட்டடத்தின் ஓட்டுக் கூரையை நீக்கிக் காங்கிரீட் தளம் அமைத்த 2,40,000 ரூபாய், உரிய காலத்தில் முத்திரையிடப்பெறாத தராசிற்காகச் செலுத்திய அபராதம் 5,000 ரூபாய், 'கணக்கெழுதும் கூலி' என்னும் தலைப்பில் எழுதப்பட்ட 48,000 ரூபாய்.

இந்நான்காவது தொகை எமக்கு நாணத்தை விளைத்தது. என்னை? அஃது எம் கல்லூரி விடுதிக் கட்டணம். விடுமுறை நாள்களில் யாம் கடைப் பேரேட்டைச் சிறிது எழுதிக் கொடுப்பதுண்டு. அதனையே காரணமாகக் கொண்டு அக்கட்டணம் கடைச் செலவாக ஏறியிருந்தது.

எஃது உண்மையான வணிகச் செலவு, எஃது அன்று என்பதனை அறியும் விருப்பினால், இத்துறையில் வழங்கப்பட்ட தீர்ப்புகள் சிலவற்றைத் தேடிப் படித்தேம். படித்தவற்றுள் எம் போன்ற மாணவர்க்கும், சிறு வணிகம் செய்யும் குடும்பத்தார்க்கும் பயன்படத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரவு வேறு, வருமானம் வேறு

முதற்கண் அறியவேண்டுவது ஒன்று. கடைக்கு வந்த பணம் முழுவதும் வருமானம் ஆகாது. ஒரு வணிகர் ஓராண்டில் 10 இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றார் என்க. அச்சரக்கின் கொள்முதல் 8 இலட்சம். கடை வாடகை, ஆட்கூலி, மின் கட்டணம் ஆகியன 1 இலட்சம். எஞ்சி நிற்கும் 1 இலட்சமே ஆதாயம். வரிக்கு உரியதும் அதுவே. ஆதலின், செலவொன்றனைக் கழிக்கலாம் என்பதும் கழிக்கலாகாது என்பதும் வரியின் அளவையே மாற்றிவிடுகின்றன. கழிக்க மறுக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் வணிகர் கையில் இல்லாத ரூபாயாக இருப்பினும், சட்டத்தின் கண்ணில் அஃது அவருடைய வருமானமாகவே நிற்கும்.

இந்திய நாட்டில் வருமான வரி 1860-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்னும் நிதி உறுப்பினரால் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் 1886, 1918, 1922 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு சட்டங்கள் இயற்றப்பட்டன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தில் நிற்கும்படி 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது. கீழே எடுத்துக்காட்டும் இந்திய வழக்குகள் எல்லாம் 1922, 1961 ஆகிய இரு சட்டங்களின் கீழ் எழுந்தவை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 முதல் 36 வரையுள்ள பிரிவுகள் வாடகை, பழுதுபார்த்தல், தேய்மானம், வட்டி முதலிய செலவுகளைத் தனித்தனியே கூறின. அவற்றுள் அடங்காத செலவுகளுக்கு 37-ஆம் பிரிவு பொதுவிதியாக நின்றது. அவ்விதி வேண்டுவன மூன்று: செலவு முதலினச் செலவாக இருத்தலாகாது, சொந்தச் செலவாக இருத்தலாகாது, முற்றிலும் வணிகத்தின் பொருட்டே செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். மூன்று வரியில் அடங்கும் இச்சிறு விதிக்கு நீதிமன்றங்கள் எழுதிய உரை பல தொகுதிகளாக விரிந்துள்ளது. நூற்பா சிறிதாகவும் உரை பெரிதாகவும் இருத்தல் தமிழ் மாணவர்க்குப் புதுமையன்று. அதனாலேயே, யாம் அஞ்சிப் புகுந்த இத்துறை எமக்கு விரைவில் பழகிய இடம்போல ஆயிற்று.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்

மதிப்பீட்டு அலுவலரின் ஆணையில் குறை காண்போர், துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முதலில் முறையிடுவர். அங்கும் நிறைவு பெறாதார் செல்லுமிடம் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

இத்தீர்ப்பாயம் 1941 ஜனவரி 25-ஆம் நாள் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர், வரி விதித்த துறையினரே மேல்முறையீட்டையும் கேட்டு முடிவு கூறினர். விதித்த கையும் தீர்க்கும் கையும் ஒன்றாக இருத்தல் முறையன்று என்னும் கருத்தே இத்தீர்ப்பாயத்தைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் ஆறு உறுப்பினர் இருந்தனர். தில்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் மூன்று அமர்வுகள் அமைந்தன. பிற்காலத்தில் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் அமர்வுகள் ஏற்பட்டன. இத்தீர்ப்பாயம் நிதித்துறையைச் சாராது சட்டத்துறையின் கீழ் இயங்குவது கருதத்தக்கது.

ஓர் அமர்வில் பொதுவாக இருவர் இருப்பர். ஒருவர் சட்டம் வல்ல நீதித்துறை உறுப்பினர்; மற்றொருவர் கணக்கு வல்ல உறுப்பினர். செலவொன்று வணிகத்திற்கு உரியதா என்னும் வினா, சட்டத்தை மட்டும் அறிந்தாராலும் கணக்கை மட்டும் அறிந்தாராலும் தீர்த்தற்கு அரிது. ஆதலின் இருவகை அறிவும் ஓரிடத்திற் கூடும்படி இம்முறை வகுக்கப்பட்டது. இருவரும் கருத்து வேறுபடின், வேறு உறுப்பினரிடம் அவ்வினா விடப்பட்டுப் பெரும்பான்மை பற்றி முடிவு செய்யப்படும்.

நடந்தது யாது என்பதில் தீர்ப்பாயத்தின் முடிவே பொதுவாக இறுதியானது. உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பற்றிய முக்கியமான வினா எழும்போதே அவ்வழக்கினுள் நுழையும். ஆகவே, சான்றுகளைத் திரட்டித் தம் செலவின் உண்மையை மெய்ப்பிக்க விரும்பும் வணிகர், தீர்ப்பாயத்தின் முன் அதனைச் செய்யத் தவறின் பின்னர்ச் செய்தல் மிக அரிது.

நிற்க. இனி எம் தந்தையார் கணக்கில் மறுக்கப்பட்ட நான்கினையும் முறையே எடுத்துக்கொள்வோம்.

கையாடலால் நேர்ந்த இழப்பு

களவு போன பொருள் செலவாகுமா? ஒருவரும் களவு கொடுக்க விரும்பிச் செலவிடுவதில்லை; ஆதலின் அஃது இழப்பே அன்றிச் செலவன்று. எனினும், வணிகத்தின் இயல்பிலிருந்தே எழுந்த இழப்பை ஆதாயத்திற் கழித்தால் அன்றி உண்மை ஆதாயம் தோன்றாது. எவ்விழப்பு வணிகத்தின் இயல்பிலிருந்து எழுந்தது என்பதே வினா.

1930-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் இராமசாமி செட்டியார் வழக்கு வந்தது. அவர் வட்டித்தொழில் செய்பவர். அத்தொழிலுக்குரிய பணத்தைத் திருடர் புகுந்து கவர்ந்தனர். அவ்விழப்பைக் கழித்தற்கில்லை என்று நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கூறினர். திருடன் வட்டிக்கடை என்று பார்த்து வருவதில்லை. பணம் உள்ள எவ்விடத்தும் வருவான். ஆதலின் அவ்விழப்பு வணிகர் என்ற முறையில் நேர்ந்ததன்று என்பது அக்கருத்தின் சாரம்.

1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பத்ரிதாஸ் டாகா வழக்கு வேறு வகையினது. வட்டித்தொழில் செய்த ஒருவர், வெளியூரில் தம் வங்கிக் கணக்கைக் கையாளும் உரிமையைத் தம் முகவருக்குக் கொடுத்திருந்தார். அம்முகவர் பணத்தை எடுத்துத் தம் சொந்தக் கடனுக்குச் செலுத்திவிட்டார். மீளாது போன தொகை சுமார் 2 இலட்சம் ரூபாய். இதனைக் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வணிகத்தை ஒருவரே நடத்துதல் இயலாது; பிறரை நம்பிப் பணத்தை ஒப்படைத்தே தீரவேண்டும்; அந்நம்பிக்கை பிழைபடுதலும் அவ்வணிகத்தோடு பிறந்த இடரே என்பது அதன் காரணம்.

புறத்தே இருந்து வந்த கொள்ளையும் சில இடங்களில் இவ்வாறே கருதப்படும். 1951-இல் நைனிடால் வங்கியின் இராம்நகர்க் கிளையிற் கொள்ளையர் புகுந்து பணத்தைக் கவர்ந்தனர். வங்கியானது தன் கிளையிற் பணம் வைத்திராமல் வங்கித்தொழில் செய்தல் இயலாது. ஆதலின் அவ்விழப்பும் தொழிலின் வழிப்பட்டதே என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பணியாளர் கையாடிய தொகையை, அது வெளிப்பட்ட ஆண்டின் கணக்கிற் கழிக்கலாம் என்று நேர்முக வரி வாரியமே 1965-இல் சுற்றறிக்கை விடுத்துள்ளது. அற்றேல், எம் தந்தையார்க்கு ஏன் மறுக்கப்பட்டது? சட்டத்தினால் அன்று, சான்று இன்மையால். அக்கணக்குப்பிள்ளைக்குச் சிறு குழந்தைகள் இருவர் உளர். காவல் நிலையத்திற் புகார் செய்தால் அக்குடும்பம் தலையெடுக்காது என்று இரங்கி, எம் தந்தையார் வாளாவிருந்துவிட்டார். இரக்கம் நல்லதே, ஆயினும் அலுவலர்க்கு இரக்கத்தைக் காட்டும் பற்றுச்சீட்டு வேண்டும். கணக்குப்பிள்ளை தம் குற்றத்தை ஒப்பி எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று பழைய இரும்புப் பெட்டியின் அடியிற் கிடந்ததனை அவ்விடுமுறையிலேயே கண்டெடுத்தேம்.

கூரை மாற்றிய செலவு

இரண்டாவது வினா முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்னும் பாகுபாட்டைப் பற்றியது. கிணறு வெட்டுதல் வேறு. வெட்டிய கிணற்றில் நாள்தோறும் நீர் இறைத்தல் வேறு. முன்னது ஒருமுறை செய்து நெடுநாள் பயன் கொள்வது. பின்னது நாள்தோறும் செய்து அன்றன்றே பயன் கொள்வது. முன்னது முதலினம், அவ்வாண்டு ஆதாயத்தில் முழுவதும் கழிக்கலாகாது. பின்னது வருவாயினம், கழிக்கலாம்.

இங்கிலாந்தில் 1926-இல் பிரபுக்கள் சபை தீர்த்த அதர்ட்டன் வழக்கில், வணிகத்திற்கு நிலைத்த நன்மையைத் தரும் பொருட்டு ஒருமுறையாகச் செய்யும் செலவு முதலினத்தைச் சாரும் என்னும் அளவுகோல் வகுக்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்களும் இதனை நெடுங்காலம் கையாண்டன. ஆயினும் எந்த அளவுகோலும் எல்லா இடத்தும் பொருந்துவதன்று. கல்கத்தாவைச் சார்ந்த சணல் ஆலைகள் தங்களுக்குள் உடன்பட்டு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில், எம்பயர் சணல் கம்பெனி பிற ஆலைகள் பயன்படுத்தாத தறி நேரத்தை விலை கொடுத்து வாங்கியது. அதனால் ஆலையின் தறிகள் கூடுதல் நேரம் ஓடினவே அன்றிப் புதிய தறி ஒன்றும் வந்துவிடவில்லை. அச்செலவு வருவாயினத்தைச் சார்ந்ததே என்றும், நிலைத்த நன்மை என்னும் அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளுதல் கூடாது என்றும் 1980-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

தமிழ்நாட்டு வழக்குகள் இரண்டு இவ்விடத்து நினைக்கத்தக்கன. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்னும் நிறுவனம் 39 ஆண்டுக் குத்தகைக்கு ஓரிடத்தை எடுத்து, ஆங்கிருந்த பழைய கட்டடத்தை இடித்துத் தன் செலவிற் புதியது கட்டியது. கட்டடம் தொடக்கத்திலிருந்தே நிலவுரிமையாளர்க்கே சொந்தம்; நிறுவனத்திற்குக் கிடைத்த பயன் குறைந்த வாடகை ஒன்றே. ஆதலின் அச்செலவு வருவாயினம் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, சரவணா நூற்பாலை வழக்கில், பழைய நூற்பு இயந்திரங்களை நீக்கிப் புதியன நிறுவுதல் பழுதுபார்த்தல் ஆகாது என்று 2007-இல் அந்நீதிமன்றமே கூறியது. உள்ளதனைக் காத்தல் பழுதுபார்த்தல். புதியதனைக் கொணர்தல் பழுதுபார்த்தல் அன்று.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வழக்கைக் கண்டவுடன், எம் தந்தையார் வாடகைக் கடைக்கும் இது பொருந்தும் என்று மகிழ்ந்தேம். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவ்வழக்கு 1980-களின் பிற்பகுதிக்கு முற்பட்ட ஆண்டுகளின் கணக்கைப் பற்றியது. அதன்பின், வாடகைக் கட்டடத்தில் ஒருவர் செய்யும் முதலினச் செலவை அவர் தம் சொந்தக் கட்டடத்திற் செய்ததுபோலக் கருதி, ஆண்டுதோறும் தேய்மானம் மட்டும் கழித்துக்கொள்ளுமாறு சட்டம் மாற்றப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்குரிய தேய்மானம் நூற்றுக்குப் பத்து வீதம். ஆகவே, ஓடு மாற்றியிருப்பின் பழுதுபார்த்தலாகக் கழித்திருக்கலாம். ஓட்டை நீக்கித் தளம் இட்டமையால் அவ்வாறு கழித்தற்கில்லை. ஆயினும் அத்தொகை அறவே இழக்கப்பட்டதன்று; ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கணக்கில் திரும்பி வரும்.

அபராதமும் குற்றத்தொழிலும்

மூன்றாவதே எம் உள்ளத்தை மிக அலைத்தது.

1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் ஹாஜி அஜீஸ் வழக்கு உள்ளது. ஈராக்கிலிருந்து பேரீச்சம்பழம் இறக்குமதி செய்த நிறுவனம் அது. அக்காலத்தில் நாட்டுப் படகில் பேரீச்சம்பழம் கொண்டுவரலாமே அன்றி, நீராவிக் கப்பலிற் கொண்டுவருதல் தடுக்கப்பட்டிருந்தது. அந்நிறுவனத்தின் சரக்கு கப்பலில் வந்தது. சுங்கத்துறை அதனைப் பிடித்தது. 82,250 ரூபாய் தண்டம் செலுத்திச் சரக்கை மீட்டனர். அத்தண்டத்தைக் கழிக்க உச்ச நீதிமன்றம் இசையவில்லை. சட்டத்தை மீறுதல் வணிகத்தின் இயல்பான பகுதி ஆகாது என்பது அதன் முடிவு.

மற்றொரு வழக்கைக் காண்க. 1958 செப்டம்பரில் பியாரா சிங் என்பவர் பாகிஸ்தான் எல்லையைக் கடக்கும்போது பிடிபட்டார். அவரிடம் இருந்த 65,500 ரூபாய் நோட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் பொன் கடத்தும் தொழிலினர் என்று கண்டு, வருமான வரித்துறை அவர்க்கு வரி விதித்தது. பறிபோன பணத்தைக் கழிக்கவேண்டும் என்று அவர் கேட்டார். தீர்ப்பாயம் கழிக்க இசைந்தது. உயர் நீதிமன்றமும் 1980-இல் உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தன.

2006-இல் முடிந்த குரேஷி வழக்கும் இத்தகையதே. மருத்துவர் ஒருவரிடம் ஹெராயின் என்னும் போதைப்பொருள் பிடிபட்டது. பறிமுதலான அச்சரக்கின் மதிப்பை வணிக இழப்பாகத் தீர்ப்பாயம் ஏற்றது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமோ, அறவுணர்ச்சி வேறு, சட்டத்தின் விதி வேறு என்று பிரித்துக் காட்டித் தீர்ப்பாயத்தின் முடிவை நிலைநாட்டியது.

இஃது என்ன நீதி? பேரீச்சம்பழம் விற்ற வணிகர்க்குக் கிடைக்காத சலுகை, பொன் கடத்தினார்க்கும் போதைப்பொருள் வைத்திருந்தார்க்கும் கிடைப்பதா? முதலிற் படித்தபோது எமக்குச் சினமே எழுந்தது. பலகாற் சிந்தித்தபின் உண்மை விளங்கிற்று. வரி என்பது தண்டனை அன்று. களவுத்தொழிலின் ஆதாயத்திற்கும் அரசு வரி கேட்கின்றது. கேட்குங்கால், அது மெய்யான ஆதாயமாக இருத்தல் வேண்டும். கடத்தலையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பறிமுதல் என்பது அத்தொழிலோடு ஒட்டிய இழப்பு; அதனைக் கழியாமல் கணக்கிடின், இல்லாத ஆதாயத்திற்கு வரி கேட்டதாக முடியும். அவன் குற்றத்திற்குரிய தண்டனையை வழங்குதற்குக் குற்றவியல் நீதிமன்றம் தனியே உண்டு. பேரீச்சம்பழ வணிகமோ நேர்மையான தொழில். அதனைச் சட்டத்திற்கு உட்பட்டே செய்திருக்கலாம். மீறியதனால் வந்த தண்டத்தை அவ்வணிகம் சுமக்கவேண்டுவதில்லை. தண்டத்தைக் கழிக்கவிடின், அதனால் அரசு வரியிற் குறைவு நேர்ந்து, மீறினவனுடைய தண்டத்தில் ஒரு பங்கை நாட்டு மக்கள் ஏற்றதாகும்.

எனினும் சட்டம் இயற்றுவோர் இவ்வெல்லையோடு நிற்கவில்லை. சட்டத்தால் தடுக்கப்பட்ட செயலுக்காகவோ குற்றமான செயலுக்காகவோ செய்யும் செலவு வணிகச் செலவாகக் கருதப்படாது என்று 37-ஆம் பிரிவுக்கு 1998-இல் ஒரு விளக்கம் சேர்த்து, அதனை 1962 ஏப்ரல் 1 முதலே செல்லுமாறு செய்தனர். இவ்விளக்கம் செலவைப் பற்றியது, இழப்பைப் பற்றியதன்று என்பதே குரேஷி வழக்கின் நுட்பம்.

இவ்விளக்கத்தின் வலிமை 2022-இல் நன்கு வெளிப்பட்டது. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்க்குப் பரிசுப் பொருள்களும் பிற சலுகைகளும் வழங்குவதுண்டு. அவற்றை மருத்துவர் பெறலாகாது என்று மருத்துவக் குழுவின் ஒழுக்க விதிகள் 2009 டிசம்பரில் திருத்தப்பட்டன. அவ்விதி மருத்துவரையே கட்டுப்படுத்தும், எம்மைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. தீர்ப்பாய அமர்வுகளுட் சில அதனை ஏற்கவும் செய்தன. சென்னையைச் சார்ந்த ஏபெக்ஸ் ஆய்வக நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. வாங்குதல் தவறாயின் கொடுத்தலும் அத்தவற்றில் அடங்கும். அப்பரிசின் விலை மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையிற் சுமையாகும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டே சட்டமும் அதற்கேற்ப விளக்கப்பட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பெயரைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. தண்டம் என்று பெயர் பெற்றவை எல்லாம் தண்டனை அல்ல. வரிப்பாக்கியைத் தாமதித்துச் செலுத்தியதற்குரிய வட்டி, அரசுக்கு நேர்ந்த குறையை ஈடு செய்வதே அன்றித் தண்டனை அன்று என்று மகாலட்சுமி சர்க்கரை ஆலை வழக்கில் 1980-இல் கூறப்பட்டது. ஒவ்வொன்றன் தன்மையையும் ஆராய்ந்து, ஈடு எவ்வளவு, தண்டனை எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும் என்று 1993-இல் பிரகாஷ் பருத்தி ஆலை வழக்கு வற்புறுத்தியது. எம் தந்தையாரின் தராசிற்கு விதிக்கப்பட்டதோ ஐயமின்றித் தண்டனையே. முத்திரையிடுதலை மறந்தவர் அவர், அபராதம் அவருடையதே.

சொந்தச் செலவு

இனி நான்காவது. ஒரு செலவு வணிகத்திற்கு இன்றியமையாததாக இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்வரைவில் 'இன்றியமையாது' என்னும் பொருள்படும் சொல் சேர்க்கப்பட்டிருந்தது. வணிகர்கள் எதிர்த்தமையால் அது நீக்கப்பட்டது. இவ்வரலாற்றைச் சசூன் டேவிட் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, தன்னுரிமையோடு செய்த செலவாயினும் வணிகத்தின் பொருட்டுச் செய்யப்பட்டதாயின் கழிக்கலாம் என்று கூறியது. ஒரு சொல்லை விட்டமையே பொருளாயிற்று.

இதனாலேயே, மணலியில் உள்ள சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் தன்னைச் சூழ வாழும் மக்களுக்குக் குடிநீர் வழங்கியும் பள்ளிக்கு உதவியும் செய்த செலவைச் சென்னை உயர் நீதிமன்றம் வணிகச் செலவாகவே ஏற்றது. 2004-ஆம் ஆண்டுத் தொகுதியில் அத்தீர்ப்பு உள்ளது. அண்டை அயலாரின் நல்லெண்ணம் ஆலைக்குத் தேவை என்பது காரணம். கம்பெனிச் சட்டம் விதிக்கும் சமூகப் பொறுப்புச் செலவு மட்டும், 2014-இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, இப்பொதுவிதியின் கீழ்க் கழிக்கப்படாது.

ஆனால் வணிகனும் மனிதன். உண்கின்றான், உடுக்கின்றான், நோய்ப்படுகின்றான். அச்செலவுகளால் அவன் தொழிலும் நடக்கின்றது என்பது உண்மையே. அதுபற்றி அவை தொழிற்செலவு ஆகுமா? நீதிமன்றத்திற்கென்றே வாங்கிய கரிய உடைகளின் செலவைக் கழிக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்கறிஞர் கேட்டார். உடை மானத்தையும் குளிரையும் காக்கவும் பயன்படுகின்றது. ஆதலின் முற்றிலும் தொழிலின் பொருட்டு அன்று என்று 1983-இல் பிரபுக்கள் சபை மறுத்தது. தில்லியின் மூத்த வழக்கறிஞர் ஒருவர் தம் இருதய அறுவைச் சிகிச்சைச் செலவைக் கழிக்கக் கோரினார். இருதயம் இயங்கினால் அன்றி வழக்காடுதல் எங்ஙனம் என்பது அவர் வாதம். இருதயம் எல்லா மனிதர்க்கும் வேண்டுவது, வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய தொழிற்கருவி அன்று என்று கூறி, 2011-இல் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது.

இவற்றைப் படித்தபின் எம் விடுதிக் கட்டணத்தைப் பற்றி வழக்காட யாதும் எஞ்சவில்லை. உறவினர்க்குக் கூலி கொடுத்தலைச் சட்டம் தடுக்கவில்லை. செய்த வேலைக்கு ஏற்ற அளவினதாக அஃது இருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. யாம் எழுதியது ஆண்டிற்குப் பத்து நாள் கணக்கு. விடுதியில் உண்டதோ ஆண்டு முழுவதும்.

முடிவுரை

விடுமுறையின் இறுதி நாளிரவு, கடை அடைத்தபின், யாம் எழுதி வைத்த குறிப்புகளை எம் தந்தையார்க்குப் படித்துக் காட்டினேம். கையாடலைப் பற்றி மேல்முறையீடு செய்யலாம் என்றும், தளத்திற்குத் தேய்மானம் கேட்கலாம் என்றும், அபராதத்தை விட்டுவிட வேண்டும் என்றும் கூறினேம். நான்காவதனைக் கூற நா எழவில்லை. அவரே வாய் திறந்தார்: "உன் படிப்பு வீட்டுச் செலவு, தம்பி. கடையின் தலையில் ஏற்றியது என் பிழை." பின்னர் நடப்பாண்டுப் பேரேட்டை எடுத்து, அவ்வாண்டும் அத்தலைப்பில் எழுதியிருந்த தொகையைத் தம் கையாலேயே அடித்தார். கணக்குப்பிள்ளையின் கடிதத்தை மேல்முறையீட்டோடு இணைக்க இசைந்தார். ஆயினும், "அவன் பெயரால் வேறு நடவடிக்கை வேண்டாம்" என்று வக்கீலுக்கு எழுதச் சொன்னார்.

யாம் கற்ற தீர்ப்புகளின் சாரம் ஒன்றே. தீர்ப்பாயம் செலவு செய்தவன் நல்லவனா தீயவனா என்று கேட்பதில்லை. செலவு எதன் பொருட்டுச் செய்யப்பட்டது என்றே கேட்கின்றது. அக்கேள்விக்குத் தக்க விடை தீர்ப்பாயத்தின் படியிற் பிறப்பதன்று; ஒவ்வொரு நாள் மாலையும் பேரேட்டை விரித்து, இது கடைக்கு, இது வீட்டிற்கு என்று எழுதும் கையிற் பிறப்பது. அந்தக் கையை வழுவாது வைத்துக்கொள்வார்க்கு வரிச் சட்டம் அச்சம் தருவதொன்றன்று.